சாவுக்கு எடுத்து வைத்த லீவு

எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வந்து யாராவது லீவு கேட்டால், நான் முதலில் கேட்கும் கேள்வி "யாரு?" என்பதுதான். செத்தது யார் என்று அர்த்தம். கேட்க வந்தவர்களுக்கும் அது உறுத்தாது. சித்தப்பா என்பார்கள், வேறு தோட்டத்தில் இருந்த பெரியம்மா என்பார்கள், நானும் எழுதிக்கொள்வேன். கல்யாணத்துக்கு லீவு கேட்க வருகிறவர்கள் கொஞ்சம் தலையைச் சொறிந்துகொண்டுதான் நிற்பார்கள். சும்மா வீட்டில் இருக்கப் போகிறேன், பெண்டாட்டி பிள்ளைகளோடு கடலுக்குப் போகப் போகிறேன் என்று சொல்லி லீவு எடுத்த ஒருவரைக்கூட நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்த காலத்தில் பார்த்ததில்லை.

பகா டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும், எண்ணெய்ப் பழம் விளையும் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. வாய் அப்படிப் பழகிவிட்டது, உண்மையில் கம்பெனியுடையது. நான் அங்கே கிராணி. யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, யாருக்கு லீவு என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. பழம் வெட்டுகிறவர்கள் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியாக்காரர்களும் வங்காளதேசத்துக்காரர்களும்தான். எங்கள் ஆட்களில் மிச்சம் இருப்பவர்கள் ஆட்களை மேய்க்கும் மண்டோர், டிராக்டர் டிரைவர், ஸ்டோர், ஆபீஸ் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன.

வீட்டில் சாவு விழுந்தால் கம்பெனி தனியாக லீவு கொடுக்கும். எடுத்து முடித்து, பால் தெளித்துவிட்டு வந்து உட்காருவதற்குள் அது தீர்ந்துவிடும். ஆனால் காரியம் செய்கிறவன் பதினாறாம் நாள் கருமாதி முடியும் வரைக்கும் வேலைக்குப் போகக்கூடாது என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். மிச்ச நாளுக்குச் சொந்த வருஷ லீவைத்தான் போட வேண்டும். அதனால் வருஷ லீவை ஒருவரும் தொடுவதில்லை. வீட்டில் நோயாளியோ வயசானவரோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கோயிலில் பார்த்தால்கூட, லீவு கையில் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். இருக்கிறது என்று சொல்கிறவன் பொறுப்பானவன். இல்லை என்றால் ஊதாரி. எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும், ஆனால் என் அண்ணி படுக்கையில் விழும் வரைக்கும் இது அடுத்தவர் வீட்டுக் கூத்து என்றுதான் இருந்தேன்.

அந்த வருஷம் நடுவில் தலைமை ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. இனிமேல் லீவைக் காசாக மாற்ற முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டு போக முடியாது, டிசம்பருக்குள் எடுக்காத லீவு போனது போனதுதான். கூடவே ஒரு பெரிய படமும் வந்தது. அதில் ஒரு குடும்பம் கடற்கரையில் பல்லைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது. ஓய்வெடுங்கள், உங்கள் குடும்பம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று மலாயில் எழுதியிருந்தது. அதைப் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில் மாட்டி, வாரத்துக்கொருமுறை நான் பேச வேண்டுமாம். எல்லாரும் லீவு எடுக்கிற மாதிரி ஊக்கப்படுத்த வேண்டுமாம். எனக்கு அதற்கு ஒரு பயிற்சிகூட சிரம்பானில் கொடுத்தார்கள், மத்தியானம் பிரியாணி போட்டார்கள்.

முதல் நாள் நான் பேசி முடித்ததும் டிராக்டர் டிரைவர் ஒருவர், தோட்டத்தை விற்கப் போகிறார்களா என்று கேட்டார். அவருடைய அப்பா வேலை செய்த பழைய தோட்டத்தில் இப்படித்தான் எல்லாருக்கும் லீவு கொடுத்து அனுப்பினார்கள், திரும்பி வந்தபோது நிலம் வேறு ஆள் கைக்குப் போயிருந்தது. ஸ்டோர்க்காரர் படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"படம் மாட்டுறது லேசு லா. எங்கம்மா இன்னும் இருக்காங்க. நான் எப்படிக்கா லீவு எடுக்கிறது?"

யாரும் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி என்பது போல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால், பழம் வெட்டும் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார். அவர்தான் அந்தக் கும்பலுக்கு மண்டோர். அவர் படத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அப்போது அண்ணியைச் சிரம்பான் ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பி சில வாரம்தான் ஆகியிருந்தது. வயிற்றில் புற்று. தெரிய வந்தபோதே பரவிவிட்டது.

அண்ணன் வீடும் என் வீடும் ஒரே லயத்தில், அடுத்தடுத்து. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணி நாற்று மேட்டில் வேலை பார்த்தவர். கறுப்புப் பையில் மண் நிரப்பிக்கொண்டே நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுவார். அவரோடு வேலை பார்த்த பெண்கள், அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தால் வேலை முடிந்ததே தெரியாது என்பார்கள். எனக்கு அவர் அண்ணி மட்டுமில்லை. என் அம்மா சீக்கிரம் போய்விட்ட பிறகு எனக்குச் சடங்கு சுற்றியதும், என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்ததும் அவர்தான். அண்ணன் அதற்கு நேர்மாறு. காட்டில் ஆட்களை அதட்டும்போது மட்டும்தான் வாயைத் திறப்பார், வீட்டுக்குள் வந்தால் தொலைக்காட்சிக்கு முன்னால் கல் மாதிரி உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதரை எப்படிக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறீர்கள் என்று நான் கேலி செய்தால், ஊருக்கு ஒரு வாய் போதும் என்று அண்ணி சிரிப்பார்.

அந்த அண்ணனும் ஒரு முறை ஊதாரியாக இருந்தவர்தான். கல்யாணமான புதிதில், இருந்த லீவையெல்லாம் ஒரேயடியாகப் போட்டு அண்ணியைக் கேமரன் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தோட்டத்தில் அப்போது அது பெரிய பேச்சு. திரும்பி வந்த கொஞ்ச நாளில் எங்கள் அப்பா மாரடைத்துப் போய்விட்டார். அண்ணன் கையில் லீவு இல்லை. மொட்டைத் தலையோடு, கருமாதிக்கு முன்னாலேயே பெரட்டுக்குப் போனார். அப்பன் சாம்பல் ஆறுவதற்குள் ஓடிவிட்டான், பெண்டாட்டியோடு மலைக்குப் போக மட்டும் லீவு இருந்தது என்று உறவு ஜனம் வாசலில் நின்றே பேசியது. அதற்குப் பிறகு அவர் லீவு எடுக்கவே இல்லை. தீபாவளிக்கு மறுநாள்கூடப் பெரட்டில் நிற்பார். அண்ணியும் எங்கேயாவது போகலாம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தன்னால் வந்த அவமானம் என்று அவர் மனசில் அது ஊறிப்போயிருந்தது.

படுத்த பிறகுதான் கேட்டார். அதையும் அண்ணனிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து கஞ்சி ஊட்டிவிட்டுத் திரும்புவேன். அப்படி ஒருநாள், நீதானே லீவு கொடுக்கிறவள், உன் அண்ணனுக்குக் கொஞ்சம் நாள் போட்டுக் கொடேன், பக்கத்தில் இருந்தால் தேவலாம் என்றார். எங்கேயும் கூட்டிக்கொண்டு போக வேண்டாமாம். பகலில் வீட்டில் இருந்தால் போதுமாம். காலையில் இருட்டோடு போகிற மனிதர் சாயங்காலம் வரும்போது மருந்து மயக்கத்தில் தனக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை என்றார். நேரமிருக்கும்போது முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்ட மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அண்ணனுக்குக் கைநிறைய லீவு இருந்தது. அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும் பாப்பா. அது அப்புறத்துக்கு வேணும்."

எந்த அப்புறம் என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. உள்ளே படுத்திருக்கிற பெண் கொஞ்சம் நாள் பக்கத்தில் இரு என்று கேட்கிறாள், இவர் அவள் கருமாதிக்கு லீவைச் சேர்த்து வைத்திருக்கிறார். சம்பளமில்லாத லீவு கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். அது ஆகாது என்றார். அப்படிப் போனால் மண்டோர் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள், அவளை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பது என்றார். இல்லாத பயத்தையெல்லாம் இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கெஞ்சினேன், அப்புறம் கத்தினேன். தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மறுநாள் கஞ்சி ஊட்டும்போது நான் மழுப்பினேன், ஆபீசில் ஏதோ சிக்கல் என்றேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"எனக்காகத்தான் எடுத்து வச்சிருக்காரு, தெரியும். நான் போன பெறகு வீட்டுல உக்காந்துகிட்டு யாரு மொகத்தப் பாப்பாராம்?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவப் போகிற சாக்கில் குசினிக்குப் போய் அழுதேன்.

அந்த மாதங்களில் நான் செய்யாத வித்தை இல்லை. பெரட்டில் பேசும்போது அண்ணனைப் பார்த்தே பேசினேன். குடும்பத்தோடு இருங்கள், போன நாள் திரும்பி வராது என்று தொண்டை வறளக் கத்தினேன். அதைக் கேட்டு வேறு யார் யாரோ லீவு எடுத்தார்கள். டிராக்டர் டிரைவர் தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய்விட்டு வந்து, நண்டு சுட்டுத் தின்ற கதையை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். லீவு எடுக்க வைப்பதில் எங்கள் தோட்டம் நன்றாகச் செய்கிறது என்று தலைமை ஆபீசிலிருந்து என்னைப் பாராட்டி வாட்சப் குழுவில் போட்டார்கள். எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். எனக்குப் போனைத் தூக்கிச் சாக்கடையில் எறியலாம் போல இருந்தது.

கோயில் குருக்களிடம் போய்ச் சொன்னேன், கட்டின பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்வதும் காரியம்தான் என்று நீங்களாவது சொல்லுங்கள் சாமி என்று. அவர் சொன்னார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார், தலையை ஆட்டினார், மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆஸ்பத்திரி நர்ஸ், தீபாவளி தாண்டுவது கஷ்டம் என்று எங்களிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அண்ணி தாண்டிவிட்டார். எலும்பும் தோலுமாக, ஆனால் கண்ணில் உயிரோடு, நான் சுட்டுக்கொண்டு போன முறுக்கைத் தின்ன முடியாமல் நக்கிப் பார்த்துவிட்டு உப்புக் குறைச்சல் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தப் பெண் எல்லாரையும் ஏமாற்றிவிட்டுப் பொங்கலும் பார்த்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த வாரத்தில் ஒருநாள், அண்ணன் ஆபீஸ் சன்னலுக்கு வெளியே வந்து நின்றார். வேலை விஷயமாக இல்லாமல் அவர் அங்கே வந்ததே கிடையாது. மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு குனிந்து, கம்பிக்கு நடுவில் மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, இந்த லீவ ஜனவரிக்குக் கொண்டு போவ முடியாதா? எனக்கு மட்டும் கேட்டுப் பாரேன்."

முடியாது அண்ணே, அதுதான் உத்தரவு, ஜனவரியில் புது லீவு மாசத்துக்குக் கொஞ்சமாகத்தான் சேரும் என்று வாய் தானாகச் சொன்னது. பாதியில்தான் அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு உறைத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் நகங்களில் செம்மண் அப்பியிருந்தது.

"அவ இருக்கணும் பாப்பா. நான் வேண்டாத சாமி இல்ல. ஆனா ஜனவரில போனா என் கையில ஒன்னும் இருக்காதே. அப்பாவுக்கு ஆன மாதிரி அவளுக்கும் ஆயிடுமே."

பெண்டாட்டி பிழைத்துக் கிடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, அவள் பிழைத்துக் கிடந்தால் என்ன செய்வது என்று பயந்து சாகிற ஒரு மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவருடைய முகம் அழுகிற முகமாக இல்லை. சந்தையில் வழி தவறி நிற்கிறவர் முகம் மாதிரி இருந்தது.

அவர் போனதும் எழுந்து நேராக மேனேஜரிடம் போனேன். மலாய்க்கார இளைஞர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பதினாறாம் நாளைப் பற்றி, அப்பாவைப் பற்றி, கேமரன் மலையைப் பற்றி. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். டிசம்பருக்குள் எல்லார் லீவையும் முடிக்கச் சொல்லித் தலைமை ஆபீஸ் தன்னையும் நெருக்குகிறது, அதைச் சாக்காக வைத்து ஒரு வாரம் கட்டாயமாகப் போகச் சொல்கிறேன், அதற்கு மேல் ஒரு மனிதரை வீட்டில் கட்டிப்போட என்னால் முடியாது அக்கா என்றார். எனக்கு அந்த ஒரு வாரமே போதும் என்று இருந்தது. அன்று மாலையே அண்ணனின் கும்பலை வேறு மண்டோரிடம் ஒப்படைத்தார்கள்.

அண்ணன் என்னோடு பேசவில்லை. நான் கவலைப்படவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் கஞ்சியோடு போனபோது, வாசலில் ஏணி போட்டு அண்ணன் வெளிச்சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பழைய சுண்ணாம்பு உதிர்ந்து வாசலெல்லாம் கிடந்தது. வீட்டில் இருக்கிறாரே, அது போதும் என்று உள்ளே போனேன். அண்ணியின் கட்டிலை முன் அறைச் சன்னலோரமாகத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அவர் படுத்த இடத்திலிருந்து பார்த்தால் ஏணியும், ஏணியில் நிற்கிற இரண்டு கால்களும்தான் தெரிந்தன. காலையிலிருந்து இந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அண்ணி சொன்னார். கேலியாகத்தான் சொன்னார், எனக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் பகாவுக்கு மோட்டார் சைக்கிளில் போய்ப் பெயிண்ட் வாங்கிக்கொண்டு வந்து அடிக்க ஆரம்பித்தார். மழைக் காலம். அடித்தது காய்வதற்குள் மழை வந்து கெடுக்கும், அவர் மறுபடியும் அடிப்பார். அதற்கடுத்த நாள் வாசல் புல்லை வெட்டினார், சாக்கடையைத் தோண்டிச் சுத்தம் செய்தார். வெளி விளக்கு பல வருஷமாக எரியாமல் கிடந்தது, அதை மாற்றினார். நான் போகும்போதெல்லாம் அவர் முதுகுதான் தெரிந்தது. வியாழக்கிழமை கோயிலிலிருந்து ஒரு டிராக்டர் வந்து வாசலில் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலிகள். அண்ணன் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வீட்டுக்குப் பக்கவாட்டில் வைத்துத் தார்பாய் போட்டு மூடினார்.

என்ன அண்ணே இது என்று கேட்டேன். அவர் தார்பாயின் ஓரத்தில் கல்லை வைத்துக்கொண்டே, ஆட்கள் வருவார்கள் அல்லவா, அப்பா சாவுக்கு வீடு கிடந்த கிடப்பைப் பார்த்து எல்லாரும் காறித் துப்பினார்கள், அவளுக்கு அப்படி ஆகக்கூடாது என்றார். நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற குரலில் சொன்னார். நான் லயமே கேட்கிற மாதிரி கத்தினேன். அண்ணி இன்னும் சாகவில்லை, உள்ளே உயிரோடு கிடக்கிறாள், அவளோடு இருக்கத்தான் இந்த லீவை நாயாய் அலைந்து வாங்கிக் கொடுத்தேன் என்றேன். பக்கத்து வீட்டுச் சன்னல்கள் திறந்தன. அந்த நேரத்தில் என் அண்ணனை நான் வெறுத்தேன். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவரை, அடித்துத் தள்ளிவிடலாம் என்ற அளவுக்கு வெறுத்தேன்.

உள்ளேயிருந்து அண்ணி கூப்பிட்டார். குரல் வரவில்லை, கட்டில் சட்டத்தை மோதிரத்தால் தட்டினார். போனேன்.

"அவரத் திட்டாத. அவருக்குத் தெரிஞ்சது இதுதான். ஒரு தடவ மொகத்த இந்தப் பக்கம் காட்டச் சொல்லு, போதும்."

நான் போய்ச் சொன்னேன். அண்ணன் வந்து நிலைப்படியில் நின்றார். கையெல்லாம் வெள்ளைப் பெயிண்ட், அதனால் எதையும் தொடாமல் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று அண்ணி தலையாட்டினார். தண்ணி வேண்டுமா என்றார். வேண்டாம். ஃபேனைக் கூட்டட்டுமா என்றார். வேண்டாம். அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணை எடுக்கவில்லை. அண்ணனால் அதைத் தாங்க முடியவில்லை என்று எனக்கே தெரிந்தது. தரையைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், பின்புறம் இன்னும் கொஞ்சம் பாக்கி, முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். பின்புறச் சுவரை யாரும் பார்க்கப் போவதில்லை. அதையும் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்கு மூச்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நர்ஸ் வந்து மருந்தைக் கூட்டினார், பக்கத்திலேயே இருங்கள் என்றார். அன்று சாயங்காலம் நான் அண்ணனின் காலில் விழுந்தேன். விழுந்தேன் என்றால் உண்மையாகவே விழுந்தேன், சிமெண்டுத் தரையில். இன்னும் லீவு இருக்கிறதே அண்ணே, நாளைக்குப் போகாதீர்கள் என்றேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். ஒரு வாரம் போய்விட்டது பாப்பா, மிச்சம் இருப்பது பதினாறுக்குச் சரியாக இருக்கும், அதையும் தொட்டுவிட்டால் அப்புறம் நான் எங்கே போவேன் என்றார். திங்கட்கிழமை காலையில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டார்.

நான் லீவு போட்டேன். போனில் மேனேஜரிடம் சொன்னேன்.

நன்றாக விடிந்த பிறகு அண்ணி கண்ணைத் திறந்தார். பல நாளாகப் பார்க்காத தெளிவு. என்னைப் பார்த்து, நீ வேலைக்குப் போகவில்லையா என்றார். பிறகு சன்னல் பக்கம் பார்த்து, அவரு எங்கே என்று கேட்டார். அந்த நிமிஷத்தில் எனக்கு உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை. லீவில்தான் இருக்கிறார், பின்னால் பெயிண்ட் அடிக்கிறார் என்றேன். அவர் முகத்தில் ஒரு சலிப்பும் ஒரு நிம்மதியும் சேர்ந்து வந்தன.

"போதும்னு சொல்லு. வரச் சொல்லு."

நான் பின்பக்கம் போனேன். கொல்லையில் யாரும் இல்லை, வேலியோரம் பெயிண்ட் வாளிகள் கவிழ்ந்து கிடந்தன. அண்ணனுக்குப் போன் போட்டேன். செம்பனைக்குள்ளே போய்விட்டால் லைன் கிடைக்காது. மறுபடியும் போட்டேன், மறுபடியும் போட்டேன். ஆபீசுக்குப் போட்டு, யாரையாவது மோட்டாரில் அனுப்பி என் அண்ணனைக் கூட்டிவரச் சொல்லுங்கள் என்றேன். மலையடி பிளாக்கில் இருக்கிறார், ஆள் போகிறது என்றார்கள். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. உள்ளே போய், கையைத் துடைத்துவிட்டு வருகிறாராம் அண்ணி என்று சொன்னேன்.

அவர் தலையைத் தொட்டுக் காட்டினார். சீப்பை எடுத்து வாரிவிட்டேன். முடி அதிகம் இல்லை, இருந்ததைப் படிய வாரி, எண்ணெய் தொட்டு, நெற்றியில் பொட்டு வைத்தேன். சரியா இருக்கா என்று கேட்பது போலப் பார்த்தார். நல்லா இருக்கு அண்ணி என்றேன். கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி வைக்கச் சொன்னார், வைத்தேன். மோட்டார் சத்தம் கேட்டு அண்ணன் செம்மண் பூட்ஸோடு உள்ளே ஓடிவந்தபோது, வாரிய தலை வாரியபடியே இருந்தது, முகம் கதவைப் பார்த்தபடியே இருந்தது. உயிர் மட்டும் இல்லை.

ஆட்கள் வந்தார்கள். நாற்காலி போதுமானதாக இருந்தது. வீடு பளிச்சென்று இருக்கிறது, கடைசி வரைக்கும் எப்படி வைத்திருந்திருக்கிறார் பாருங்கள் என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். கம்பெனி கொடுத்த நாட்கள் முடிந்ததும் நான் அண்ணனின் சொந்த லீவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அவர் சொன்னபடி சரியாகவே இருந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு குறையும் இல்லாமல் பெண்டாட்டிக்குக் காரியம் செய்தவர் என்று இன்றைக்கும் அவருக்குப் பெயர். அந்த நாட்களில் அவர் அந்த முன் அறையில், காலியான கட்டிலுக்கு எதிரே, காலையிலிருந்து இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சியைப் போடக்கூடாது என்பதால் அதுவும் இல்லை. கருமாதிக்கு முன்னால் ஒரு மத்தியானம் நான் சோறு கொண்டுபோய் வைத்தேன். அவர் தட்டைத் தொடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"இன்னும் நாள் கெடக்கே பாப்பா. வீட்டுல இருந்துகிட்டு நான் என்னா செய்யிறது?"